போனவர் பேரில் வரவு, இருந்தவர் பேரில் பற்று

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பக்கம் போயிருந்தேன். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. மீன் சாப்பிட இன்னும் பழகவில்லை, ஆனால் அந்தத் தெருவில் பழைய எல்.பி. ரெக்கார்டுகளைப் புரட்ட நன்றாகப் பழகிவிட்டேன். அன்று கையில் கிடைத்தது டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘எ சாங் ஃபார் யூ’. 1975-ல் வந்தது. கடைக்காரர் நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். காரணம் கேட்டால், "இது விட்ஃபீல்ட் போன பிறகு போட்டது சார்" என்கிறார்.

வீட்டுக்கு வந்தால் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பையனும் அதே பல்லவி. "புரொட்யூசரே போயிட்டார்னா அப்புறம் என்னப்பா இருக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பி.காம். படித்து, இருபது வருஷமாக வங்கியில் கணக்குப் பார்க்கிற ஆள் நான். இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. நம் ஊரில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர். அங்கே இசைத்தட்டு புரொட்யூசர் என்றால் எந்தப் பாட்டு, யார் பாடுவது, என்ன வாத்தியம், எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறவர். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியில் டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்கு அப்படி இருந்தவர் நார்மன் விட்ஃபீல்ட். 1966-லிருந்து 1973 கடைசி வரை அநேகமாக அவர் ராஜ்யம்தான். 1968-ல் ‘கிளவுட் நைன்’ பாட்டில் சோல் இசையோடு ராக் கிடாரைக் கலந்தார். மோடவுனுக்கு முதல் கிராமி விருதே அந்தப் பாட்டால்தான் கிடைத்தது. மேதைதான், மறுக்கவில்லை.

ஆனால் போகப் போக என்ன ஆயிற்று? 1972-ல் ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’. ஆல்பத்தில் கிட்டத்தட்ட 12 நிமிஷம். குரல் வருவதற்கே ஏறக்குறைய 4 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் ‘மாஸ்டர்பீஸ்’. அந்தத் தலைப்புப் பாட்டு 13 நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் பாட்டுப் பாடுகிற நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாத்தியம். ஐந்து பாடகர்கள் தங்கள் பெயர் போட்ட தட்டிலேயே விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள். "எங்களுக்கு மெதுவான காதல் பாட்டு கொடுங்கள், பாட விடுங்கள்" என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

விட்ஃபீல்ட் விலகினார். ஜெஃப்ரி போவனும் கம்பெனி முதலாளி பெர்ரி கார்டியும் பொறுப்பெடுத்தார்கள். வந்தது இந்த ‘எ சாங் ஃபார் யூ’. ‘ஷேக்கி கிரவுண்ட்’ பாட்டில் ஃபங்கடெலிக் குழுவின் எடி ஹேசல் கிடார் வாசித்திருக்கிறார், பாட்டை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். ‘ஹாப்பி பீப்பிள்’ எழுதியதில் லயோனல் ரிச்சிக்குப் பங்கு உண்டு. இரண்டுமே ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். ஆல்பமும் அந்தப் பட்டியலில் முதலிடம். இதற்குப் பெயர்தான் "அப்புறம் என்ன இருக்கு"வா?

தலைப்புப் பாட்டை ஒருமுறை கேளுங்கள். லியோன் ரஸ்ஸல் எழுதியது. டென்னிஸ் எட்வர்ட்ஸின் கரகரத்த குரல், கீழே மெல்வின் ஃபிராங்க்ளினின் பேஸ் குரல். இந்தக் குரல்களை வாத்தியங்களுக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்களே என்று வயிறு எரியும்.

இப்போது எதிர்க்கட்சி வாதம். "இதற்குப் பிறகு அவர்கள் சரிந்தார்களே? விட்ஃபீல்ட் ‘கார் வாஷ்’ போட்டு ஜெயித்தாரே?" உண்மை. ரோஸ் ராய்ஸ் குழு பாடிய அந்தப் பாட்டு 1977 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். டெம்ப்டேஷன்ஸ் அடுத்தடுத்துப் போட்ட தட்டுகள் இந்த அளவுக்குப் போகவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறதே! ‘பாப்பா’ பாட்டை விட்ஃபீல்ட் முதலில் கொடுத்தது வேறொரு குழுவுக்கு, அண்டிஸ்பியூட்டட் ட்ரூத். அதே புரொட்யூசர், அதே பாட்டு, அதே 1972. 63-வது இடத்தோடு நின்றது. டெம்ப்டேஷன்ஸ் பாடிய பிறகுதான் முதலிடம், மூன்று கிராமி. அந்த வித்தியாசத்தை யார் பேரில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. 1983-ல் விட்ஃபீல்ட் திரும்பி வந்து ‘செயில் அவே’ போட்டுக் கொடுத்தார். ஆர் அண்ட் பி பட்டியலில் முதல் பத்துக்குள்கூட வரவில்லை. 1984-ல் அவர் இல்லாமல் ‘ட்ரீட் ஹெர் லைக் எ லேடி’. எழுதியவர்கள் குழுவின் ஓட்டிஸ் வில்லியம்ஸும் அலி ஒல்லி வுட்சனும். அது அதே பட்டியலில் இரண்டாமிடம்! போனவர் மட்டுமே காரணம் என்றால், திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டாமா?

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்கிறீர்களா? ஒரு கிளையில் நான் வேலை பார்த்தபோது பேர்பெற்ற ஒரு மேனேஜர் மாற்றலாகிப் போனார். அடுத்த மார்ச்சில் டெபாசிட் கூடியது. "அவர் போட்ட அஸ்திவாரம்" என்றார்கள். அதற்கடுத்த வருஷம் வாராக்கடன் கூடியது. "இவர்களுக்குத் துப்பில்லை" என்றார்கள். லாபமெல்லாம் போனவர் பேரில் வரவு, நஷ்டமெல்லாம் இருந்தவர்கள் பேரில் பற்று. கவுண்டரில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து வாடிக்கையாளர் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த கேஷியர் அம்மாவுக்கு எந்தப் பக்கத்திலும் ஒரு வரி கிடையாது.

ஊரை விட்டு வந்து, அடுத்தவர் ஆபீசில், அடுத்தவர் பெயருக்கு உழைக்கிற நமக்கு இது புரியாமல் போனால் வேறு யாருக்குப் புரியும்?

விட்ஃபீல்டைக் கீழே இறக்கச் சொல்லவில்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒருவரை ஏற்றி எழுதினால் எதிர்ப்பக்கமும் எழுத வேண்டும், அவ்வளவுதான். பாடினவனையும் எழுதுங்கள்.

பையனை உட்கார வைத்து அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் போட்டுக் காட்டினேன். "பரவாயில்லப்பா" என்றான். பதினேழு வயதுப் பையன் வாயிலிருந்து அது வந்தால் கிராமிக்குச் சமம். :-)

கடைக்காரருக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம். அவரிடம் அடுத்த தட்டையும் குறைந்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.