வாட்டர் கூலிங்: டியூப் பெரிதாக இருந்தால் போதுமா?

கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்க விரும்பும் புதியவர்கள் பலர், டியூப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குளிர்ச்சி என்று நினைக்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. தண்ணீர் ஓட்டத்தை அதிகம் தடுப்பது சிபியு பிளாக்கின் உள்ளே உள்ள நுண்ணிய வழிகள்தான். எனவே 10 மி.மீ. உள்விட்டத்திற்குப் பதில் 13 மி.மீ. போட்டாலும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

நான் பார்க்கச் சொல்வது டியூப் சுவரின் தடிமனை. 10/13 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13, சுவர் 1.5 மி.மீ. மட்டுமே. வளைத்தால் எளிதில் மடிந்து ஓட்டம் தடைபடும். 10/16ல் சுவர் 3 மி.மீ. என்பதால் மடியாமல் வளையும்.

பிட்டிங்கின் மரை பெரும்பாலும் ஜி 1/4 தான். அதில் குழப்பம் இல்லை. ஆனால் கம்ப்ரஷன் பிட்டிங் வாங்கினால் டியூப்பின் இரண்டு விட்டங்களும் பொருந்த வேண்டும். 10/16 பிட்டிங்கில் 10/13 டியூப்பை மாட்டினால் பிடிப்பில்லாமல் கழன்றுவிடலாம். கசியும் தண்ணீர் மதர்போர்டையே பாழாக்கிவிடும். மாட்டி முடித்ததும், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தராமல் பம்ப்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டுக் கசிவு உள்ளதா எனப் பாருங்கள்.

பெரிய டியூப்பிற்குச் செலவிடும் பணத்தைப் பொருத்தமான பிட்டிங்கிற்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.