பாட்டியின் தொடைக்கு மின்சாரமா?

முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். வலியைவிட அவர்களுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. "காலைத் தூக்கு என்றால் தூக்கமாட்டேன் என்கிறதே!" என்பதுதான் அது. அந்தச் சமயத்தில் பிஸியோதெரபிஸ்ட் வந்து, தொடையில் இரண்டு ஒட்டுப் பட்டைகளைப் பதித்து, கம்பியை மாட்டி, ஒரு சின்னப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார். உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "வயதான உடம்புக்குக் கரண்ட் வைக்கலாமா?" என்கிறது ஒரு கட்சி. "கரண்ட் வைத்தாகிவிட்டது, இனிப் பயிற்சி எதற்கு?" என்கிறது மற்றொரு கட்சி.

பயப்படும் கட்சிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். வீட்டில் வைத்துக்கொள்ளும் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பாட்டரியில் ஓடுபவை. ஒரு விநாடியை 1,000 கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கும் குறைவான நேரமே ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும். முதலில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும். அளவைக் கூட்டினால் தசை தானாகவே இறுகும். வித்தையும் புதிதல்ல. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்டு, இத்தாலியில் போலோக்னா நகரத்துக் கால்வானி 1791-இல் எழுதி வெளியிட்டார். தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டும் முறையைப் பற்றிப் பிரெஞ்சு டாக்டர் டூஷேன் 1855-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

சரி, பாட்டியின் கால் ஏன் அடம் பிடிக்கிறது? தசையின் மேல் குற்றமில்லை. மூட்டில் வீக்கம் இருக்கும்போது, அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நரம்பு மண்டலம் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை அடக்கிவிடுகிறது. மாடியிலிருந்து கூப்பிடுவது கீழே இருப்பவர் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் அவர் தோளைத் தட்டிச் சொல்கிறார் அல்லவா? மின்சாரம் செய்வது அந்த வேலையைத்தான். தசைக்கு அருகிலேயே நரம்பைத் தட்டி எழுப்புகிறது. சும்மா விட்டால் தொடைத் தசை சில வாரங்களிலேயே இளைத்துவிடும். பிறகு நாற்காலியிலிருந்து எழுவதற்கும், இரவில் குளியலறைக்குப் போவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இனி, பயிற்சி வேண்டாம் என்னும் கட்சிக்கு வருவோம். முழங்கால் மாற்றிக்கொண்ட 66 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2012-இல் வெளியாயிற்று. இரு பிரிவினரும் வழக்கமான பயிற்சிகளைச் செய்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் அவற்றோடு, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் கழித்துத் தொடங்கி ஆறு வாரம் தினம் இரு வேளை, தொடைக்கு மின்தூண்டலும் வைத்துக்கொண்டார்கள். மூன்றரை வாரத்தில் அவர்களுடைய தொடை வலுவும் நடையும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. மின்சாரம் பயிற்சியோடு சேர்ந்து வந்ததே தவிர, பயிற்சிக்குப் பதிலாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள்!

ஆகையால், பெட்டி தசையை இறுக்கும்போது பாட்டியும் கூடவே முழங்காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள். பட்டையை ஒட்டிக்கொண்டு டி.வி. சீரியலில் ஆழ்ந்துவிட்டால் பாதிப் பலன் போய்விடும். இறுக்கம் 10 விநாடி என்றால், ஓய்வு 50 விநாடி வரைகூட இருக்கலாம். மின்சாரம் அதே தசை நார்களையே திரும்பத் திரும்ப வேலை வாங்குவதால் அவை சீக்கிரம் களைத்துவிடும். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்று நீட்டிப்பதில் லாபமில்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணியின் வயிற்றிலும், கழுத்தின் முன்புறத்திலும், மார்புக்குக் குறுக்காகவும், புண்ணின் மேலும், இரத்தம் உறைந்த காலிலும், புற்றுநோய் உள்ள இடத்திலும் பட்டை ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் தோல் மரத்துப் போயிருந்தால் சூடுபட்டாலும் தெரியாது. ஆகவே முன்னதாகவே சொல்லிவிடுங்கள். 'டென்ஸ்' என்று இன்னொரு பெட்டி உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அது வலியைத் தணிக்க வந்தது. தசையை வளர்க்க அல்ல. பக்கத்து வீட்டுப் பெட்டியைக் கடன் வாங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்கார்ந்த இடத்திலேயே தொந்தி கரையும் என்று இடுப்பில் கட்டும் மின்பட்டை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி விற்ற மூன்று பட்டைகளின் மேல், விளம்பரம் பொய் என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2002-இல் வழக்கே தொடுத்தது. அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, பாட்டி நடை பழகும்போது கூடவே நடந்துவிட்டு வரலாம்.