எல்லை தாண்டிக் கற்பித்த ஆசான்

தமிழ் வகுப்பும் கணிதப் பிரத்தியேக வகுப்பும் ஒரே சனிக்கிழமையில் அமைந்துவிட்டால் பிள்ளையை எங்கே அனுப்புவது? பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. தாயகத்தில் கணிதம் கற்பித்து, அகதியாக வந்தபின் இங்கு தமிழ் கற்பிக்கும் நாம், கணிதத்தைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் கல்வியைப் புள்ளிகளால் மட்டும் அளப்பது முறைதானா என்பதை ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்வைக் கொண்டே சிந்திக்க விரும்புகிறோம்.

அருட்தந்தை சார்ள்ஸ் ராசீன் 1897 இல் பிறந்த பிரெஞ்சு நாட்டவர். இயேசு சபைத் துறவி. பாரிஸில் எலி கார்த்தான் என்னும் பெருங் கணித மேதையிடம் ஆய்வு செய்து 1934 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1937 இல் இந்தியா வந்து, முதலில் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியிலும், 1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். 1976 இல் சென்னையிலேயே மறைந்தார்.

அக்காலக் கல்லூரிப் பாடத்திட்டம் பழைய கணிதத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. ராசீன் அடிகள் அவ்வெல்லைக்குள் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் வளர்ந்துவந்த புதிய கணிதத்தை அறிமுகப்படுத்தி, புதிய நூல்களைத் தாமே படிக்குமாறு மாணவரைத் தூண்டினார். திறமையுடையோரைப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்ல ஊக்குவித்தார். அவ்வாறு 1953 இல் அங்கு சேர்ந்த சேஷாத்திரி, நரசிம்மன் என்னும் தமிழக மாணவர் இருவரும் 1965 இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்திரி 1989 இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய சென்னைக் கணிதக் கழகம்.

அடிகள் கொடுத்தவற்றுள் மிகச் சிறந்தது எந்தப் பரீட்சை வினாத்தாளிலும் கேட்கப்படாதது. பரீட்சைக்கு உதவாது என அம்மாணவர் அதனை ஒதுக்கியிருந்தால் அத்தேற்றம் பிறந்திராது. தமிழும் அத்தகையதே. பல்கலைக்கழக அனுமதிக்கு அது உதவாமற் போகலாம். தாத்தா பாட்டியோடு மனம்விட்டுப் பேசுவதற்கு வேறெதுவும் உதவாது. கணித வகுப்பை வேறொரு நாளுக்கு மாற்ற முடியுமா என்று பெற்றோர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பாடமுண்டு. பாடப்புத்தகத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு கடமை முடிந்தது என நாம் இருப்போமாயின், பிள்ளைகள் வகுப்புக்கு வராததற்குப் பெற்றோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

மாணவச் செல்வங்களே, கணிதத்தையும் விரும்பிப் படியுங்கள். தமிழையும் விரும்பிப் படியுங்கள். பரீட்சையில் வராத கேள்விகளோடும் எம்மிடம் வாருங்கள். பதில் தெரியாவிடின் உங்களுடன் சேர்ந்து தேடுவோம்.