ஒரு வாசலை அடைச்சு வெச்சுட்டு முழு லேப்டாப்பையும் விக்கிறாங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமை இருக்கிறவங்க படிங்க.

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்ட கேள்வியை இங்க போட்டிருந்தேன். மூணு வருஷப் பழைய லேப்டாப், நல்ல பிராசஸர், 16 ஜிபி ரேம், பாடியில ஒரு கீறல் இல்ல. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் தனியா இல்ல. பிளெண்டர்ல அனாட்டமி மாடல் ரெண்டர் பண்ணணும், நேரம் கிடைச்சா கேம் ஆடணும், என்ன செய்யலாம்னு கேட்டான். வந்த பதில்ல பாதிக்கு மேல ஒரே வரி: "வித்துட்டு கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்லுங்க டாக்டர்."

கிட்னி வேலை செய்யலன்னா ஆளையே மாத்துங்கன்னு நாங்க யாரும் சொல்றதில்லைங்க. வெளியில ஒரு மெஷினை மாட்டி டயாலிசிஸ் பண்ணி ஓட்டுறோம். லேப்டாப்புக்கும் அப்படி ஒரு வழி பல வருஷமா இருக்கு. டெஸ்க்டாப்ல போடுற கிராஃபிக்ஸ் கார்டை ஒரு கேபிள் வழியா லேப்டாப்ல மாட்டலாம். இது உங்களுக்குத் தெரியாம இருந்தா அது உங்க தப்பு இல்ல. தெரியக்கூடாதுன்னு ஒரு வியாபாரமே நடக்குது.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். உங்க லேப்டாப்ல என்விஎம்இ எஸ்எஸ்டி இருக்குல்ல? அது உட்கார்ந்திருக்கிற எம்.2 ஸ்லாட்டுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை போகுது, பெரும்பாலும் நாலு லேன். டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டு பேசுறதும் அதே பாஷைதான். டெஸ்க்டாப்ல அதுக்கு பதினாறு லேன் வரைக்கும் கிடைக்கும், இங்க நாலு. அவ்வளவுதான் வித்தியாசம். தான் உட்கார்ந்திருக்கிறது மதர்போர்டு மேலயா, அரை மீட்டர் கேபிளோட நுனியிலயான்னு கார்டு கேட்கப் போறதில்ல.

அந்த எம்.2 ஸ்லாட்டிலிருந்து ஒரு அடாப்டர் கேபிள் வெளிய எடுத்து, கார்டுக்குத் தனியா ஒரு எஸ்எம்பிஎஸ் கொடுத்தா கதை முடிஞ்சது. பின்மூடியைக் கழட்டணும், பார்க்க அசிங்கமா இருக்கும், ஆனா ஓடும். இதைவிட நாகரிகமான வழி ஆக்குலிங்க்: அதே நாலு லேனை உடம்புல ஒரு சின்ன துளை வழியா வெளிய கொண்டு வர்றது. நடுவுல மொழிபெயர்க்கிற சிப் எதுவும் வேண்டாம். நாலாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்ல நொடிக்கு 64 ஜிகாபிட். மூணாவது வழி தண்டர்போல்ட் இல்லன்னா யூஎஸ்பி 4. தண்டர்போல்ட் 3-ல 40 ஜிகாபிட்னு பெட்டி மேல போட்டிருக்கும். ஆனா கார்டுக்குன்னு கைக்கு வர்றது கிட்டத்தட்ட 22தான்.

இப்ப என் கோபத்துக்கு வர்றேன்.

தண்டர்போல்ட் முதல்ல வந்தது 2011ல. இப்படி கிராஃபிக்ஸ் கார்டை மாட்ட இன்டெல் அதிகாரபூர்வமா ஆதரவு கொடுத்தது தண்டர்போல்ட் 3 வந்தப்போ, 2015ல. நடுவுல நாலு வருஷம் ஆர்வலர்கள் தாங்களே ஒயரை இழுத்து ஓட்டிக் காட்டினாங்க. அப்புறமாவது ஒழுங்கா வந்ததா? ஏலியன்வேர் 2014ல ஒரு கிராஃபிக்ஸ் பெட்டி கொண்டு வந்தது, கேபிள் அவங்களோடது மட்டும், வேற லேப்டாப்ல மாட்டாது. பின்னாடி வந்த மாடல்கள்ல அந்த வாசலையே எடுத்துட்டாங்க. ஏசஸ் 2021ல எக்ஸ்ஜி மொபைல்னு ஒண்ணு விட்டது, அதுக்கும் சொந்த கனெக்டர். 2025ல அதே பேர்ல வந்த புதுசு தண்டர்போல்ட் 5க்கு மாறிடுச்சு. பழைய பெட்டியைக் காசு கொட்டி வாங்கினவர் புது லேப்டாப் வாங்கினா அதை அலமாரியில வெச்சு அழகு பார்க்கலாம். ஆப்பிள் 2018ல மேக்ல இதுக்கு ஆதரவு கொடுத்து, 2020ல எம்1 சிப் வந்ததும் கழட்டி விட்டுட்டாங்க.

இதுல எங்கயாவது "முடியாது" இருக்கா? எல்லாமே "வேண்டாம்"தான்.

யூஎஸ்பி 4 கதை இன்னும் மோசம். அந்த விதிமுறையிலேயே லேப்டாப் பக்கம் பிசிஐ எக்ஸ்பிரஸ் கட்டாயம் இல்ல, இஷ்டம் இருந்தா கொடுக்கலாம். அதனால ஒரே மாதிரி டைப்-சி துளை ரெண்டு லேப்டாப்ல இருக்கும், ஒண்ணுல கார்டு ஓடும், இன்னொண்ணுல ஓடாது. பெட்டியைப் பார்த்து உங்களால கண்டுபிடிக்க முடியாது. நான் ஒரு கம்பெனியோட கஸ்டமர் கேர்ல கேட்டேன், இந்த போர்ட்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் வருதா இல்லையான்னு. "சார், அதுல சார்ஜ் ஏறும் சார்"னாங்க. மருந்து அட்டையில உள்ளே என்ன இருக்குன்னு போடாம வித்தா நாங்க விடுவோமா?

அப்புறம் அந்த கேமிங் லேப்டாப். ஆர்டிஎக்ஸ் 4070னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டெஸ்க்டாப் 4070ல 12 ஜிபி மெமரி, லேப்டாப் 4070ல 8. பேர் மட்டும் ஒண்ணு. லேப்டாப் 4060 எடுத்தீங்கன்னா 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுலயும் ஓட்ட கம்பெனிக்கு உரிமை உண்டு. உங்க லேப்டாப்ல எவ்வளவுன்னு ஸ்பெக் ஷீட்டோட மூலையில பொடி எழுத்துல தேடணும். அது மதர்போர்டோட சேர்த்து சால்டர் பண்ணினது. கார்டு செத்தா போர்டே போச்சு. மூணு வருஷம் கழிச்சு வேகம் பத்தலன்னா திரும்ப முழுசா புதுசு. இஎம்ஐ முடியறதுக்குள்ள அடுத்த இஎம்ஐ.

"அந்தக் காசுக்கு டெஸ்க்டாப்பே வாங்கலாமே"னு சிலர் சொன்னாங்க. நியாயமான கேள்வி. ஒரே இடத்துல இருக்கிறவங்க, மேஜை போட இடம் இருக்கிறவங்க தாராளமா டெஸ்க்டாப் வாங்குங்க, நான் தடுக்கல. பளபளன்னு வர்ற தண்டர்போல்ட் பெட்டி விலையைப் பார்த்தா நானே வேண்டாம்னுதான் சொல்வேன், காலிப் பெட்டிக்கு அவ்வளவு காசு அநியாயம். ஆனா ஹாஸ்டல்ல இருக்கிறவன், வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுறவன் இன்னைக்கு ஒரு கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கினா நாளைக்கு அது ரெண்டும் அப்படியே டெஸ்க்டாப்புக்குள்ள போயிடும். வீணாகறது அந்த அடாப்டர் காசு மட்டும்தான்.

"பாதி வேகம்தான் வரும்"னு இன்னொரு கோஷ்டி. வேகம் குறையும், உண்மை. கார்டுல தனி மானிட்டர் மாட்டினா குறைவு கம்மி. லேப்டாப் ஸ்கிரீன்லயே பார்த்தா படம் அதே கேபிள்ல திரும்பி வரணும், அதனால அதிகம். நூத்துக்கணக்குல ஃபிரேம் எதிர்பார்க்கிற கேம்ல நல்லாவே அடி வாங்கும். ஆனா ரெண்டர் வேலையில மாடல் முழுக்க ஒரு தடவை கார்டோட மெமரிக்குப் போயிடும், அப்புறம் கணக்கு எல்லாம் அங்கயே நடக்கும். லேன் நாலா பதினாறான்னு பெரிசா தெரியாது. அந்தத் தம்பி கேட்டது இதைத்தான்.

முயற்சி பண்றவங்க இதைக் கட்டாயம் படிங்க, ஏன்னா இது கரண்ட் சமாச்சாரம். 8 பின் பவர் கேபிளை எஸ்எம்பிஎஸ்லிருந்து நேரா எடுங்க. சாட்டாவிலிருந்து மாத்துற மலிவான கனெக்டர் விக்கிறாங்க, தொடாதீங்க. சாட்டா கனெக்டரோட 12 வோல்ட் தாங்குறது 54 வாட். கார்டு 8 பின்ல 150 வாட் வரைக்கும் இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகும், தீ பிடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை எர்த் இருக்கிற மூணு பின் பிளக்லதான் மாட்டணும். எம்.2, ஆக்குலிங்க் கேபிளை லேப்டாப் ஓடும்போது பிடுங்கக் கூடாது, மாட்டவும் கூடாது. முதல்ல எஸ்எம்பிஎஸ், அப்புறம் லேப்டாப். பின்மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி வாரண்டி என்ன சொல்லுதுன்னு பாருங்க, உள்ளே பேட்டரி கனெக்டரை முதல்ல கழட்டுங்க.

எஸ்எஸ்டி இருக்கிற ஸ்லாட்டையே எடுத்துட்டா விண்டோஸ் எதிலிருந்து ஓடும்னு யோசிங்க. ரெண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தா நல்லது, ஆனா சிலதுல அது சாட்டா மட்டும்தான், அதுல கார்டு ஓடாது. மாட்டினதும் டிவைஸ் மேனேஜர்ல 12ன்னு எர்ரர் வந்தா பயந்து கார்டைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க. கார்டு நல்லாத்தான் இருக்கும், லேப்டாப் அதுக்கு மெமரி முகவரி ஒதுக்க முடியாம திணறுது, பெரும்பாலும் சரி பண்ண வழி உண்டு.

அடுத்த தடவை லேப்டாப் வாங்கப் போறவங்க கடையில ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த டைப்-சி தண்டர்போல்டா, இல்லன்னா யூஎஸ்பி 4ல பிசிஐ எக்ஸ்பிரஸ் உண்டா? ஆக்குலிங்க் மாடல் ஏன் கொண்டு வர மாட்டேங்கறீங்க? கடைக்காரர் முழிப்பார், பரவாயில்ல, கம்பெனி ஆள் வரும்போது சொல்லுவார். சீனாவுல வர்ற சின்ன சின்ன மினி பிசி, கையடக்க கேம் மெஷின்ல எல்லாம் அந்தத் துளை இருக்கு. லட்ச ரூபாய் லேப்டாப்ல வைக்க இடம் இல்லையாம்.

உங்க லேப்டாப் மாடல் நம்பரை கீழ கமெண்ட்ல போடுங்க, சர்வீஸ் மேனுவல் தேடி ரெண்டாவது ஸ்லாட் இருக்கான்னு சொல்றேன். டியூட்டி நாள்ல பதில் லேட்டாகும்.