கல்லமேட்டுப் பல்லும் நம் அவசரமும்

புதுச்சேரிக்காரர்களான நமக்குப் புதைபடிவம் என்றால் திருவக்கரைக் கல்மரங்கள்தான். வெளியூர் நண்பர்கள் வந்தால் அழைத்துச் சென்று காட்டுவதற்கு வசதியானவை. அவற்றினும் பல கோடி ஆண்டுகள் மூத்த கடல் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் ஊருக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கம் கிடைத்ததையும், 1840களிலேயே லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸும் பாரிஸில் தோர்பிஞியும் அவற்றை ஆராய்ந்ததையும் நம்மில் பலர் அறிய மாட்டார்கள். அது கடலடி நிலம். அதே காவிரிப் படுகையில் தெற்கே அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டுக்குப் போனால் கரை தட்டுகிறது. நிலத்தில் நடந்த உயிர்களின் எலும்புகள் தென்படுகின்றன.

அந்தக் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். 2013இல் அஞ்சலி கோஸ்வாமியும் குழுவினரும் அதை வெளியிட்டார்கள். கிரெட்டேசியக் காலத்தின் இறுதியைச் சேர்ந்த சிறிய பல். அதன் விளிம்பில் கொக்கிபோல் வளைந்த பெரிய அரம்பப் பற்கள். இவ்வமைப்பைக் கொண்டு அதை ட்ரூடான்டிட் என்னும் குடும்பத்தில் வைத்தார்கள். மெலிந்த நீண்ட கால்களில் விரைந்தோடிய, பறவைகளுக்கு நெருங்கிய உறவான சிறு வேட்டைவிலங்குகள் அவை. அதுவரை வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பாவிலுமே அறியப்பட்டவை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து கடலில் தனித்து மிதந்துகொண்டிருந்த இந்தியத் துணைக்கண்டத்துக்கு அவை எப்படி வந்தன? வடக்கிலிருந்து கடல் கடந்து வந்தனவா, அல்லது கண்டங்கள் பிரியும் முன்பே எங்கும் பரவியிருந்தனவா? ஒரு பல் எழுப்பக்கூடிய கேள்விகள் இவை. ஒரு பல்லால் தீர்க்கக்கூடியவை அல்ல. ஒரே வகை இரையைத் தின்னும் வெவ்வேறு குலத்து விலங்குகளுக்கு ஒத்த பற்கள் அமைவதுண்டு.

அவ்வாய்வாளர்கள் அந்தப் பல்லுக்குத் தனிப்பெயர் சூட்டவில்லை என்பதே எமக்கு மிகவும் பிடித்த செய்தி. ட்ரூடானின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த அடக்கத்தின் அருமை புரியும். 1856இல் அமெரிக்காவில் ஜோசப் லைடி ஒற்றைப் பல்லை வைத்துச் சூட்டிய பெயர் அது. முதலில் அதைப் பல்லி என்றார்கள். 1920களில் தடித்த மண்டையோட்டுத் தாவரஉண்ணிகளோடு சேர்த்தார்கள். பிறகு வேட்டைவிலங்கு என்றார்கள். 2017இல் கனடிய ஆய்வாளர்கள் அந்தப் பெயரே நிற்காது என்றார்கள்.

அரியலூருக்கும் இவ்வகை வரலாறு உண்டு. 1979இல் யாதகிரியும் அய்யாசாமியும் திராவிடோசாரஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் இனம் என்றார்கள். 1996இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் அவை கடல் ஊர்வனவான பிளிசியோசாரின் எலும்புகள் என்று மறுத்தார்கள். பெயரில் 'திராவிட' இருப்பதால் நம்மவர்கள் அதை எளிதில் கைவிடுவதாயில்லை! அதே இருவர் 1980களின் இறுதியில் கல்லமேட்டிலிருந்து அறிவித்த புருஹத்காயோசாரஸின் கதை இன்னும் துயரமானது. இரண்டு மீட்டர் நீளக் கீழ்க்கால் எலும்பு. முதலில் பெரும் ஊனுண்ணி என்றார்கள். பின்னர் நீள்கழுத்துத் தாவரஉண்ணி என்று கருத்து மாறியது. சரிபார்க்கலாம் என்றால் எலும்புகள் இல்லை. ஆய்வகம் சேருமுன்பே நொறுங்கிவிட்டன. மிஞ்சியவை படங்களும் சில அளவுகளும்தான். 2022இல் வெளியான பழைய புகைப்படங்களை வைத்து இன்று வாதாட வேண்டியிருக்கிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதல்ல. தகடூர் யாத்திரை முழுநூலாகக் கிடைக்கவில்லை; புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சிய பாடல்களைக் கொண்டே அதை அறிகிறோம். அப்பாடல்களை வைத்து நூல் முழுவதையும் நாமே எழுதிப் பதிப்பித்தால் பதிப்பாளரை யாரும் மன்னிக்க மாட்டோம். ஆனால் ஒரு பல்லுக்கு முழு உடலும் இறகும் வரைந்து, 'தமிழகத்தில் வாழ்ந்த டைனோசர்' என்று நாளிதழ் எழுதினால் பெருமையோடு கத்தரித்து வைத்துக்கொள்கிறோம். 'இருக்கலாம்' என்ற சொல் தமிழில் இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம்.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பது நல்லது. அத்தோடு, வெட்டும் இடத்தில் எலும்பு தெரிந்தால் அன்றே வந்து பார்க்கவும், பிளாஸ்டர் உறையிட்டு நொறுங்காமல் எடுக்கவும் பயின்றவர்கள் அருகிலேயே வேண்டும். எடுத்ததன் அச்சுவார்ப்பு ஒன்று எங்கள் ஊரிலும் இருக்கட்டும். அதனடியில் எழுதும் தமிழ்ப் பலகையில், 'ட்ரூடான்டிட் எனக் கருதப்படுகிறது. ஒரு பல் மட்டுமே கிடைத்துள்ளது' என்று இருந்தால் போதும்.