மைசூருக்கு எதுக்குய்யா மினசோட்டா வைத்தியம்?

கோவில்பட்டிக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் பச்சைத்தண்ணியில் குளிக்க ரெண்டு நிமிஷம் யோசிப்பது. அவ்வளவுதான். பதவி உயர்வு என்று சொல்லி மைசூரில் கொண்டு வந்து போட்ட பிறகு அது ஒரு ஸ்வெட்டர் அளவுக்கு உயர்ந்தது. அதற்கு மேல் இந்த ஊர்க் குளிரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன், அண்ணாச்சி வீட்டுக்குப் போகும் வரைக்கும்.

அண்ணாச்சி எங்கள் கிளையில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்ம பக்கத்து ஆள். குவெம்புநகரில் ஜாகை. பணிக்கொடையில் கொஞ்சம் எடுத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர் ஒன்று செய்து வாங்கியிருந்தார். ரெண்டு பேர் படுக்கலாம். 60 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பம்ப், ஒரு சிங்க், குட்டியாக ஒரு கீஸர். டிசம்பர் கடைசியில் ஊட்டி போவதாகத் திட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை, டிரெய்லர் பக்கத்தில் ரோஸ் கலரில் ஒரு கேன்.

"என்ன அண்ணாச்சி, ரோஸ்மில்க்கா?"

"இல்ல தம்பி, கூலன்ட். தண்ணி பைப்புல ஊத்தி வச்சிட்டா ஊட்டிக் குளிருக்கு வெடிக்காது. அமெரிக்காக்காரன் வீடியோல இதே கலர்தான் ஊத்துறான்."

எனக்குப் பகீர் என்றது. அந்தப் பதற்றம்தான் இந்தப் பதிவு.

முதலில் அமெரிக்காக்காரன் செய்வது தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவிலோ டொராண்டோவிலோ வாரக்கணக்கில் சுழியத்துக்குக் கீழேயே கிடக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, பைப் பிளக்கும். அதனால் அங்கே டேங்கைக் காலி செய்து, பைப்பில் காற்றடித்து, மிச்சத்துக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த ரோஸ் திரவத்தை ஓடவிடுகிறார்கள். வசந்தத்தில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மறுபடி தண்ணீர். அவன் ஊர், அவன் குளிர், அவன் வைத்தியம். சரி.

ஆனால் கடையில் காருக்கென்று விற்கும் கூலன்ட் வேறு சாமான். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். நாக்கில் பட்டால் இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தின்னும். பச்சை, சிவப்பு, ரோஸ் என்று எல்லா நிறத்திலும் வரும். நிறம் சும்மா சாயம்தான், சான்றிதழ் இல்லை. நோட்டின் கலரைப் பார்த்து நல்ல நோட்டு என்று வாங்கிப் போட்டிருந்தால் அண்ணாச்சி முப்பது வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்க முடியுமா?

"அப்போ அந்த நல்ல வகையையே தேடி வாங்கிடுறேன் தம்பி" என்றார். நியாயமான கேள்விதான். என் பதில் இது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் செத்துப்போனார்கள். அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி டைஎத்திலீன் கிளைக்கால், அதாவது கூலன்டில் இருப்பதன் உடன்பிறப்பு. அமெரிக்காவிலேயே 1937இல் இதே சாமானைக் கரைப்பானாகப் போட்ட மருந்தைக் குடித்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் 1938இல் அங்கே கடுமையான சட்டம் வந்தது. மருந்து பாட்டிலுக்குள்ளேயே இந்தக் கதை என்றால், லேபிளை நம்பி ஒரு கேனை வாங்கிப் பேரப்பிள்ளை தண்ணி குடிக்கிற பைப்பில் ஊற்ற எனக்குத் தைரியம் இல்லை. தேவையே இல்லாத இடத்தில் எதற்கு இந்த ரிஸ்க்?

ஆமாம், தேவையே இல்லை. மைசூரில் தண்ணீர் உறைந்த நாள் கிடையாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியலில் புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி வெளுத்திருக்கும். ஆனால் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி வந்துவிட்டு, வெயில் வந்ததும் ஏறிவிடும். சில மணி நேர விவகாரம். அதற்கு மருந்து ரொம்பச் சுலபம்: படுக்கும் முன் டிரெய்லர் பைப்பில் தண்ணீர் இருக்கக் கூடாது.

பி.காம். முதல் வருஷத்தில் படித்தோமே, உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று. அதேதான் இங்கேயும். ராத்திரிக் கணக்கு முடிக்கும்போது பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. பம்பை நிறுத்துங்கள். டேங்கின் அடித் திருகைத் திறந்து காலி செய்யுங்கள். சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டு குழாயையும் திறந்தே விடுங்கள். கீஸரை அணைத்து, ஆறிய பிறகு வடியுங்கள். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். உருண்டை வால்வைப் பாதி திறந்த நிலையில் விடுங்கள், முழுசாக மூடினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். ராத்திரிக்குக் குடிக்க ஒரு குடத்தில் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். செலவு: பூஜ்யம்.

ஊருக்குத் திரும்பியதும் இதே வேலையை இன்னொரு முறை. இது குளிருக்காக இல்லை, கொசுவுக்காக. மைசூரில் டிரெய்லருக்கு உண்மையான எதிரி தேங்கின தண்ணீர்தான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். அதன் முட்டை ஈரம் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே டேங்கைக் காலி செய்தால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவி, காயவிட்டு, காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். அந்த அமெரிக்க வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனுக்குப் பனி பிரச்சினை, நமக்குக் கொசு.

என் கோபம் அண்ணாச்சி மேல் இல்லை. வெளிநாட்டில் ஒருத்தன் செய்தால் ஏன் செய்கிறான் என்று கேட்காமல், கலரை மட்டும் பார்த்துக் காப்பியடிக்கிற நம்ம பழக்கத்தின் மேல்தான். தெரு பிளம்பரைக் கேட்டிருந்தால் "தண்ணியைத் திறந்து விடுங்க சார்" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். அவருக்கு வீடியோ இல்லை, அதனால் அவர் சொன்னால் நமக்குக் காதில் ஏறாது.

அண்ணாச்சி கேனைத் திறக்கவில்லை. கார் ரேடியேட்டருக்கு வைத்துக்கொள்கிறாராம். சந்தோஷம். அது அங்கேதான் போக வேண்டிய சாமான்.

பி.கு: ஊட்டிக்கு டிரெய்லரோடு கிளம்புகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடல். கேட்டில் மாட்டிக்கொண்டால் குண்டலுப்பேட்டையில்தான் ராத்தங்கல். அங்கே பைப் உறையாது, கவலை வேண்டாம்.