எழுத்தின் பொதுவடிவும் கூட்டுக்குழுவும்

பழநிமலையிலே, கொடைக்கானலை அடுத்துப் பேத்துப்பாறை என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்த் தோட்டங்களில் யானை புகுதல் புதுமையன்று. இரவில் அதைக் கண்ட ஒருவர் தம் கைபேசியில் 'யானை' என்று தட்டி அயலாருக்கு அனுப்புவாராயின், வேறொருவர் செய்த வேறொரு கருவியில் அச்சொல் எழுத்துப் பிழையாமல் தோன்றும். இது இயல்பாகவே அமைந்ததென்று நம் மாணாக்கருட் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பல நாட்டினர் கூடியும் பிணங்கியும் இயற்றிய பொதுவடிவமைப்பு ஒன்று அதன் பின்னே நிற்கின்றது. அத்தகைய குழுக்களை அமைப்பதும் நடத்துவதும் எங்ஙனம் என்பதைப்பற்றி நம் கலாசாலையார் சிந்திக்கவேண்டிய காலம் இது என்பது எமது கருத்து.

அச்சொல்லின் இரண்டாம் எழுத்தையே நோக்குக. நம் பாட்டனார் படித்த புத்தகங்களில் அந்த னைகாரம் யானையின் துதிக்கைபோல வளைந்து நிற்கும். பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935ம் ஆண்டு முதல் தம் 'குடிஅரசு' பத்திரிகையில் வழங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978ம் ஆண்டில் ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன் பின்னரே துதிக்கை மறைந்தது. ஒருவர் தொடங்கியதும் ஓர் அரசு ஆணையிட்டதும் அங்கே போதியனவாயின. கணிப்பொறி வந்தபின் அவ்வழி செல்லவில்லை.

ஏனெனில், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவும் ஒரு குறியீட்டுமுறையும் செய்துகொண்டது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிற்று. அக்காலத்துக் குறியீட்டில் இடங்கள் 256. அவற்றுட் பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய 128ல் நம் 247 எழுத்துக்களை எவ்வாறு அடக்குவது? சுவிட்சர்லாந்து, மலேசியா, அமெரிக்கா முதலிய தேசங்களிலிருந்த தமிழன்பர்கள் மின்னஞ்சல் வாயிலாகவே வாதாடி, 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். 1997ம் ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று முதல் தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். 1999ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னையில் மற்றொரு மாநாடு நடந்தது. அதன் பயனாக அரசாங்கம் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என இரு குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. 2000ம் ஆண்டில் உத்தமம் என்னும் மன்றம் தோன்றியது.

இவற்றுள் விசைப்பலகையை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்குமாகப் பகுத்து, முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதையும் அடக்கிய திறம் வியக்கத்தக்கது. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெறும். தொல்லிலக்கணம் கற்றவரும் பொறியியல் கற்றவரும் ஒருங்கிருந்தாலன்றி இது கைகூடுமோ? ஆயினும் பழைய தட்டச்சிற் பழகிய கைகள் எளிதில் மாறவில்லை. குறியீட்டு முறைகளோ வேறு கதை. தமிழ் மட்டும் வேண்டுவோர்க்கு ஒன்று, ஆங்கிலமும் உடன் வேண்டுவோர்க்கு ஒன்று என இரண்டு வகுத்தமை இரு திறத்தாரையும் மகிழ்வித்திருக்கலாம். பொதுமை என்னும் நோக்கத்துக்கு அது துணைசெய்யவில்லை. ஒருவரையும் வருத்தலாகாதென்று முடிவுசெய்யும் குழு, பின்வரும் அனைவரையும் வருத்தும்.

இன்று வழங்குவது யூனிக்கோடு. அதில் தமிழுக்கு 1991ம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. ஆனால் அவ்விடம் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பட்டியலைத் தழுவியது. ஆதலால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கு முறை அதுவன்று. அகரவரிசைப்படுத்தத் தனி விதி வேண்டியிருக்கின்றது. ஒருமுறை வைத்த எழுத்தை இடம்பெயர்ப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. உலகத்தார் கோப்புக்கள் கெடாதிருக்க அது இன்றியமையாததே. ஆகவே பிந்தி வந்தவர் வாதத்தில் வென்றாலும் இடம் பெறார். 2010ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிக்கோட்டுடன் 'டேஸ் 16' என்னும் முறையையும் ஏற்றது; அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் உண்டு. அதன் ஒழுங்கு அழகியதுதான். ஆயினும் கைபேசிகளில் குடிபுகுந்தது யூனிக்கோடே.

முறைப்படி சான்று காட்டி வேண்டினோர் பெற்றதும் உண்டு. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் பழங்கணக்குக் குறிகளுமாக 51 தமிழ்க் குறிகள் 2019ம் ஆண்டில் யூனிக்கோட்டில் இடம்பெற்றன. மாநாட்டு ஆரவாரமின்றி, பழஞ்சுவடிகளை ஆராய்ந்து, மறுப்புக்களுக்கு மறுமொழி கூறியிருந்தோர் உழைப்பின் பயன் அது.

எனவே, இத்தகைய குழுவிலே கையாளுவோனுக்கு நாற்காலி வேண்டும் என்கின்றோம். தரங்கம்பாடி அச்சகத்தார்க்கு ஜெர்மனி தேசத்து ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியன, காகிதமோ அருமை. அச்சுக்கூடத்தார் அவ்விடத்திலேயே சிறியவற்றை வார்த்துக்கொண்டு 1715ம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். குறையை அறிந்தவன் காகிதத்தை எண்ணிப் பார்த்தவனே. அன்றியும், முடிவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் எழுதிவைப்பதற்கு ஒருவர் நிலையாக இருத்தல்வேண்டும். மாநாடு கலைந்தபின் எழும் ஐயத்துக்கு விடைகூற ஆளில்லையேல், அடுத்த தலைமுறை அதே வழக்கைப் புதிதாகத் தொடுக்கும். நன்கொடையாளர் மாநாட்டுப் பந்தலுக்குப் பொருள் தருவர். இவ்வேலைக்குத் தருவாரைக் காண்டல் அரிது.

நம் கலாசாலையில் இதனைச் சிறிதளவிற் செய்துபார்க்கலாம். தமிழாசிரியர் ஒருவர், கணிப்பொறி மாணாக்கர் இருவர், அச்சுக்கோப்பில் தேர்ந்த ஒருவர், நூல்நிலையத்தார் ஒருவர் ஆகிய ஐவர் போதும். பழைய எழுத்துருக்களிற் கோத்து வைத்தவையும் இப்போது திறந்தால் குறிகளாய்ச் சிதறுவனவுமாகிய தமிழ்க் கோப்புக்கள் பழைய மாணாக்கர் பலரிடம் கிடத்தல்கூடும். அவற்றை அவர்கள் அனுப்பிவைப்பாராக. எந்தக் கோப்பு எந்த முறையில் உளது என்னும் பட்டியலை இவ்வைவரும் முதலில் தயாரித்து, அடுத்த மலரில் வெளியிடட்டும்.